ஆறு கை உயிரினமும் கூடுதல் பொறுப்பும்

துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்ற பிறகு நான் செய்த முதல் வேலையே திருத்தச் சொல்லித் திரும்பி வந்தது. பெங்களூரில் ஒரு வீடியோ கேம் கம்பெனிக்காக வேற்றுக்கிரக உயிரினங்களைக் கற்பனை செய்து, அவற்றின் உடம்பும் வாழ்க்கையும் எப்படி என்று ‘ஸ்பெக்’ எழுதித் தரும் வேலை. ஜமுனாமரத்தூரில் வீட்டிலிருந்தே செய்யலாம். பணிக்காலம் முழுவதும் விதிமுறைகளோடு குடும்பம் நடத்தியவனுக்கு ஓர் உயிரினமா கஷ்டம் என்று நினைத்தேன்.

என் உயிரினத்துக்கு நீல உடம்பு, ஆறு கை, மூன்று பால். முட்டையிடுபவர் ‘இடுவோர்’. அதற்கு உயிர் தருபவர் ‘ஊட்டுவோர்’. மூன்றாமவர் ‘சாட்சி’. அவர் முன்னிலையில் இடாத முட்டை செல்லாது.

ரிவ்யூவுக்கு டீம் லீட் ரேவதி போன் செய்தார். திருப்பத்தூர்ப் பெண், என் மகள் வயது.

“சார், ஊட்டுவோர் அப்புறம் இன்னா பண்றாரு?”

“மேற்பார்வை.”

“சாட்சி?”

“அவரும் மேற்பார்வைதான்.”

“அப்போ அடைகாக்கறது, ஆக்கறது, கூட்டறது?”

“இடுவோர்தாம்மா. கைதான் ஆறு இருக்கே.”

“சார், இது வேற கிரகம் இல்ல, உங்க வூடு. திங்கக்கெழமைக்குள்ள மாத்தலன்னா இந்த உயிரினத்தையே தூக்கிடுவாங்க. அப்புறம் உங்களுக்கு அடுத்த வேலை குடுங்கன்னு நா கேக்க முடியாது.”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி வளர்மதி சிரித்தாள். “ஆறு கை குடுத்தீங்களே, அவளுக்கு ஒருநாள் லீவு குடுத்தீங்களா?”

லீவு என்றதும்தான் என் மூளை ஓடியது. ஆபீசில் ஒருவர் லீவில் போனால் பக்கத்து சீட்டுக்காரர் முழு கூடுதல் பொறுப்பு ஏற்பார். முட்டைக்கும் அதையே எழுதினேன்: இடுவோர் விலகினால், அருகில் யார் இருக்கிறாரோ அவர் வயிற்றில் அடைகாக்கும் பை வளரும். மேற்பார்வைக்கு நின்றாலும் வளரும்.

ஞாயிற்றுக்கிழமை அடுப்படிக்கே போய் வளர்மதிக்குப் பெருமையாகப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டுக் கரண்டியை என் கையில் வைத்தாள்.

“நா லீவு. பக்கத்துல நீங்கதான் நிக்கிறீங்க.”

சாமைக் கஞ்சி அடிப்பிடித்தது. ‘பொறுப்பேற்பவர் முதல் சில முட்டைகளைச் சூடு அதிகமாக்கிக் கெடுத்துவிடுவார்’ என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினேன்.

திங்களன்று ரேவதி பதில் போட்டார்: “உயிரினம் ஓகே சார். அந்தக் கடைசி வரி எப்படித் தோணுச்சு?”

“கள ஆய்வு” என்று எழுதினேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களே, வேறு கிரகம் கிளம்பும்முன் சொந்த அடுப்படியை ஒருமுறை ஆய்வு செய்துவிடுங்கள். அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பதும் கூடுதல் பொறுப்பில் அடங்கும் என்பது, எல்லா விதியும் தெரிந்த எனக்கு அன்றுதான் தெரிந்தது.