டிஷ் போட அம்மா சம்மதித்தது

ஏழாம் வகுப்போடு வீட்டை விட்டவன் நான். லாரியிலும் ஐரோலி என்ற ஊர்ப் பக்கத்துக் கம்பெனிகளிலுமாகப் பல இடங்களில் தங்கியாயிற்று. எங்கே போனாலும் ஒரு டிவி உண்டு. கேபிளா டிஷ்ஷா என்ற சண்டையும் உண்டு. எங்கள் வீட்டில் அந்தச் சண்டை நடந்தபோது எனக்கு விவரம் போதாது.

தாராவியில் எங்கள் சந்துக்கு ஒரே கேபிள்காரர்தான். அவர் கடையிலிருந்து கிளம்பும் கறுப்பு வயர் வீடு வீடாகத் தொங்கி, எங்கள் கதவுக்கு மேலிருந்த ஓட்டை வழியாக உள்ளே வரும். மழை பெய்தால் படமும் நனையும். ஆனால் அவரிடம் சொந்தமாக ஒரு சேனல் இருந்தது. காலையில் பழைய படம், சாயங்காலம் சந்தில் நடந்த கல்யாணம், மத்தியானம் எங்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. கொடைக்கு எடுத்த வீடியோவை அடுத்த கொடை வரைக்கும் ஓட்டுவார். தங்கள் முகத்தைத் தாங்களே பார்ப்பதில் சந்துக்காரர்களுக்கு அலுப்பு வந்ததே இல்லை.

அந்த வருஷத்து வீடியோவில் என் அக்கா முளைப்பாரி தூக்கி வருவாள். கொடை முடிந்து வந்த மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. சயான் ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. அதற்குப் பிறகும் தினமும் மத்தியானம் முளைப்பாரி தூக்கினாள்.

அம்மா அந்த நேரத்துக்குள் வேலைகளை முடித்துவிட்டு, சோற்றுத் தட்டோடு டிவி முன்னால் உட்காருவாள். கூட்டத்துக்கு நடுவே அக்கா வருவாள். கேமராவுக்குப் பக்கத்திலிருந்து யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும். இந்தப் பக்கம் திரும்பித் தலையை ஆட்டுவாள். அதற்குச் சற்று முன்னால் அம்மா, "சாப்டியாளா?" என்று கேட்பாள். அக்கா ஆமாம் என்பாள். மறுநாள், "காய்ச்ச விட்டுட்டா?" என்பாள். அக்கா அதற்கும் ஆமாம் என்பாள். அம்மா வாயெடுக்கும் நேரம் ஒருநாளும் பிசகியதில்லை. எனக்கு அதில் பயமெல்லாம் இல்லை. உயிரோடு இருந்தபோதும் அக்கா வாயைத் திறக்காமல் இப்படித்தான் பதில் சொல்வாள்.

அப்பா பெல்ட் தைக்கும் பட்டறையில் இருந்தார். மத்தியானம் வீட்டுக்கு வருகிற வழக்கம் கிடையாது. ஒருநாள் பட்டறையில் மோட்டார் கெட்டுப்போய் வந்துவிட்டார். வாசலில் நின்றபடியே பார்த்தார். அம்மா அன்றைக்கு, "அங்க இருட்டாவா இருக்கு?" என்று கேட்டாள். அக்கா தலையை ஆட்டினாள். அப்பா செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போய்விட்டார்.

அந்த வாரமே டிஷ் பேச்சு வந்தது.

"கேபிள்ல என்னத்த தெரியுது? ஒரே புள்ளி. டிஷ்ஷுன்னா கண்ணாடி கணக்கா இருக்கும்."

"எனக்குப் புள்ளியே போதும்."

கிரிக்கெட் என்றார், மெட்ராஸ் சேனல் என்றார். கார்ட்டூன் என்றதும் நான் அப்பா கட்சிக்குப் போய்விட்டேன். அம்மா அசையவில்லை. வயரில் யாராவது கை வைத்தால் அடுத்த ரயிலில் ஊருக்குப் போய்விடுவேன் என்றாள்.

அப்பா டிஷ் ஏஜெண்டைக் கூட்டி வந்தார். செம்பூர்த் தமிழன், தமிழை இந்தியில் ஊறவைத்துப் பேசினான்.

"அரே ஆன்ட்டி, கேபிள்னா அவன் கடையிலேர்ந்து வயர்ல வருது. அவன் போடறதுதான் நீங்க பாக்கணும். டிஷ் அப்டி இல்ல. டைரக்ட்டா ஆகாசத்துலேர்ந்து வரும். நடுவுல ஒருத்தனும் கிடையாது."

அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தினாள். "ஆகாசத்துல இருந்தா?"

"பக்கா."

"அங்க உள்ளது பூராவும் வருமா?"

"எல்லாமே வரும். நீங்கதான் தேடிப் பாக்கணும்."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு அப்பாவிடம், "போடச் சொல்லுங்க" என்றாள். ஜெயித்தவர் முகமாக அப்பாவின் முகம் இல்லை.

எங்கள் சந்தில் ஆகாயம் ஒரு கை அகலம். டிஷ் பொருத்த வந்தவர் மாடித் தகரத்தின் மேல் ஏறி, டிஷ் குடையைத் திருப்பித் திருப்பிக் கத்தினார். டிவியைப் பார்த்துக் கீழிருந்து ஒருவர் பதில் சொல்ல வேண்டும். அம்மா அந்த வேலையை யாருக்கும் விடவில்லை.

"வந்துச்சா?"

"வரல."

"இப்ப?"

"இல்ல. இன்னும் மேல பாத்துத் திருப்புங்க."

டிவியில் ஒரு பெண் பளிச்சென்று செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். அம்மா அவளைப் பார்த்தபடியே, "இன்னும் வரல" என்றாள். அப்பாதான் வாசலில் நின்று, "வந்துட்டுப்பா, போதும், எறங்கு" என்று சொன்னார். கேபிள் வயரை அன்றைக்கே அறுத்தார். அம்மா தடுக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் ரிமோட்டை எடுத்து முதல் சேனலிலிருந்து ஆரம்பித்தாள். சமையல், சாமியார், மாட்ச், தெரியாத பாஷையில் அழுகிற ஒரு கிழவர். பக்கத்து வீட்டில் கேபிள்தான். தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் கொடை மேளம் கேட்டது.

"எம்மா, அங்க ஓடுது. அக்கா வந்துருவா. வா, போய்ப் பாப்போம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏல, அது வெறும் டேப்பு. கொடையன்னைக்கு உள்ளவ. அவள நான் பாத்தாச்சு." விரல் பட்டனை விடவில்லை. "நான் இப்பம் இருக்கவளத் தேடுதேன்."

படமே இல்லாத நம்பர்களும் இருந்தன. திரை முழுக்கக் கறுப்பாகி, மூலையில் நம்பர் மட்டும் நிற்கும். அப்படி ஒன்றில் அம்மா நிறுத்தினாள். டிவிக் கண்ணாடியில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருப்பது மங்கலாகத் தெரிந்தது. எங்களுக்கு நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. அம்மா சற்று நகர்ந்து அந்த இடத்தைப் பெரிதாக்கினாள்.

"எப்பளா வந்த?" என்றாள்.

பக்கத்து வீட்டு மேளம் ஓய்ந்த பிறகும் அம்மா மெதுவான குரலில் பேசிக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை கேள்விகளுக்கு நேரம் பார்க்கவில்லை. நடுநடுவே சிரித்தாள்.

பணம் கட்டாத சேனல்தான் அப்படிக் கறுப்பாக நிற்கும் என்று டிஷ்காரர் சொல்லியிருந்தார். சாயங்காலம் அப்பா வந்ததும் ஓடிப்போய் நம்பரைச் சொன்னேன். "அதுக்கும் காசு கட்டி பேக் போட்ருங்கப்பா. அக்கா அதுலதான் இருக்கா. நமக்குப் படம்தான் வரல."

அப்பா எனக்குப் பின்னால் டிவியைப் பார்த்தார். அது கறுப்பாகவே ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். செலவு கூடுமே என்று யோசிக்கிறார் போல என்று நினைத்தேன். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வேண்டுமானால் கார்ட்டூனை எடுத்துவிட்டு அதைப் போடச் சொன்னேன்.