லோரீனின் முப்பத்திரண்டு

லோரீன் ஹஸ்கின்ஸ் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் ஒரு மாட்டுத் தீவனக் கடையில் கல்லாவில் நிற்பவள். ஐம்பத்தெட்டு வயது. வலது மணிக்கட்டு சற்றுக் கோணல். அதை முறித்த புண்ணியவான், அவள் விவாகரத்து வாங்கித் தலைமுழுகிய ராய்ஸ். அவன் சிறையிலிருந்து வெளியே வந்துவிட்டான் என்று கேள்விப்பட்ட வாரமே, உடம்போடு மறைத்து வைத்துக்கொள்ள ஒரு கைத்துப்பாக்கி வாங்குவதென்று முடிவு செய்தாள்.

எதற்கு என்று அந்த ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். எந்த அளவுக் குண்டு, முப்பத்திரண்டா நாற்பத்தைந்தா என்று கேட்பார்கள்; எண் ஏற ஏறக் குண்டு பெரிது. பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். அவள் அண்ணன் வெர்னனுக்கு இதில் ஊரிலேயே பெரிய வாய்.

"நாலுல ஆரம்பிக்காத குண்டெல்லாம் ஒரு குண்டா? நாப்பத்தஞ்சு வாங்கு. பேசாம வாங்கு."

மேய்ச்சல் நிலத்துக்குக் கூட்டிப்போய்த் தன் நாற்பத்தைந்தை அவள் கையில் திணித்தான். ஒரே வெடி. வலி மணிக்கட்டிலிருந்து தோள்வரை ஏறியது. துப்பாக்கி புல்லில் விழுந்தது. வெர்னனும் அவன் கூட்டாளிகளும் அதைப் போனில் படம் பிடித்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நாசமாய்ப் போக.

மறுநாள் லோரீன் தனியாகப் பக்கத்து ஊர்த் துப்பாக்கிக் கடைக்குப் போனாள். ஒவ்வொன்றாகக் கையில் பிடித்துப் பார்த்து, கடைசியில் முப்பத்திரண்டில் ஒரு சின்ன ரிவால்வர் வாங்கினாள். சுடும்போது பின்னுக்கு உதைப்பது குறைவு, கோணல் கை அதைத் தாங்கியது.

"எலி அடிக்கவா?" என்றான் வெர்னன், தேவாலய வாசலில், பத்துப் பேர் காதுபட. "இதால சுட்டா ராய்ஸுக்கு அரிப்புதான் எடுக்கும்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கடையிலும் தேவாலயத்திலும் கொடியில் துணி எடுக்கும்போதும் அந்த ரிவால்வர் அவளோடுதான் இருந்தது. சமையலறையில் ஏப்ரன் பைக்குள் கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். வெர்னன் அவள் வீட்டில் பொரித்த கோழியை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே, அவன் வண்டிக்குப் பின்னால் இன்னொரு வண்டி வந்து நின்றது. ராய்ஸ் இறங்கினான்.

வெர்னன் கை இடுப்புக்குப் போனது. அங்கே தொப்பை மட்டும்தான் இருந்தது.

"வண்டில இருக்கு," என்றான் மெல்ல. "உக்காந்தா வயித்துல குத்துது."

"எத்தன நாளா?"

வெர்னன் கையிலிருந்த எலும்பைத் தட்டில் வைத்தான்.

லோரீன் கதவைத் திறந்து வெளியே போனாள். ராய்ஸ் ஒரு காலைப் படியில் வைத்திருந்தான்.

"கோழி வாசம் ரோடு வரைக்கும் வருது. எனக்கும் ஒரு தட்டு போடேன்."

அவள் ரிவால்வரை எடுத்தாள். அவன் சிரித்தான்.

"இதானா அது? பெட்ரோல் பங்க்ல உன் அண்ணன் ஊருக்கே சொல்லிட்டிருந்தான். அரிப்புதான் எடுக்குமாமே."

மறைத்து வைத்த துப்பாக்கியை அண்ணன் ஊரெல்லாம் தண்டோரா போட்டிருக்கிறான். அதை நம்பித்தான் இவன் படியேறுகிறான். அவளுக்கு இருவர் மேலும் வெறி வந்தது. ரிவால்வரை அவன் முகத்துக்கு நேராக உயர்த்தினாள்.

"நீ ஒடச்ச கைக்கு இதுதான் தாங்குது, ராய்ஸ். உள்ள அஞ்சு குண்டு இருக்கு. அரிக்குதா வலிக்குதான்னு நீயே சொல்லு."

ராய்ஸ் குழலின் ஓட்டையையே பார்த்தான். அது சின்னதாகத்தான் இருந்தது. காலைப் படியிலிருந்து எடுத்தான். முதுகைக் காட்டாமலே வண்டிவரை பின்னோக்கி நடந்து, ஏறிக் கிளம்பிப் போனான்.

உள்ளே வெர்னன் எச்சில் விரலோடு எழுந்து நின்றான். "பரவால்லியே, லோரீன்..."

அவள் அவன் தட்டை எடுத்து அவன் கையிலேயே திணித்தாள்.

"உன் நாப்பத்தஞ்சு வண்டில தனியாக் கெடக்கு. போய் அதுகூட உக்காந்து தின்னு."

அவன் படியிறங்கியதும் கதவைத் தாழிட்டாள்.