ரிஜெக்ட் உடைக்கும் அக்கா

மலாக்காவின் பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஊசிக்குழல் செய்துவந்த எங்கள் தொழிற்சாலை, தொண்ணூறுகளில் ஆஸ்துமா இன்ஹேலருக்கு மாறியது. சோதனையில் தேறாமல் ரிஜெக்ட் ஆனவற்றைச் சுத்தியலால் உடைப்பது ஓர் அக்காவின் வேலை. தடித்த கை, இறுகிய வாய். தூளான பிறகும் அடிப்பார்.

என் மகளுக்கு மூச்சிழுப்பு. ஒருநாள் ரிஜெக்டில் ஒன்றைச் சட்டைக்குள் ஒளித்தேன். அக்கா பிடுங்கி, நொறுக்கி, சுத்தியலை வைத்துவிட்டு என்னை அறைந்தார். உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

“பிள்ளைக்குத்தான்கா. உள்ள மருந்து இருக்குதானே?”

“இருக்குலா, ஒழுங்கா வராது! மூச்சு முட்டுறப்ப பிள்ளை இத நம்பி அமுக்கும். அப்புறம் யார அறையிறது?”

ஆபீசில் சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும். அவர் சொல்லவில்லை. மறுநாளும் குனிந்தபடி அடித்துக்கொண்டிருந்தார். தூளான பிறகும் ஏன் அடிக்கிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவேயில்லை.