நன்றி சொல்லப் போன சாயங்காலம்

போன மாதம் வரை இந்த அரசுக்காக ஸ்ரீரங்கம் வீதிகளில் தொண்டை கிழிய ஓட்டுக் கேட்டவள் நான். இந்த மாதம் அதே அரசை எதிர்த்து அரியமங்கலத்தில் கத்தச் சொன்னார்கள். எங்கள் சிவப்புக் கட்சி சின்னது. ஆளுங்கட்சியின் கூட்டணியில் இருக்கிறது. நான் வேலை பார்க்கும் தையல் கம்பெனியில் சங்கத்துக்குக் கோஷம் போடுவது நான்தான்.

எட்டு மணி நேர வேலையைப் பன்னிரண்டாக்க அரசு ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தது. அப்பா பக்கவாதத்தில் படுக்கையில் கிடக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா ஆறு மணி வரை பார்த்துக்கொள்வார், பிறகு பூக்கடைக்குப் போய்விடுவார். அதற்குள் நான் வராவிட்டால் அப்பாவுக்குத் துணி மாற்றக்கூட ஆளில்லை. இந்தச் சட்டம் வந்தால் வீடு திரும்ப ராத்திரி ஆகிவிடும் என்று அப்பாவிடமே சொல்லிப் புலம்பித் தீர்த்தேன்.

ஆர்ப்பாட்டத்தில் "தமிழக அரசே" என்று ஆரம்பித்தேன். அடுத்து "வாபஸ் வாங்கு" என்று வர வேண்டும். பாழாய்ப்போன நாக்கு, தேர்தல் பழக்கதோஷத்தில் "நல்லாட்சி தொடர" என்றது. கூட்டமும் யோசிக்காமல் "நல்லாட்சி தொடர" என்று திருப்பிச் சொன்னது. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் குனிந்துகொண்டு சிரித்தார். எனக்கு மானமே போயிற்று.

முடிந்ததும் எங்கள் மாவட்டச் செயலாளரைப் பிடித்தேன். "தோழர், நாம அவங்களோட இருக்கோமா, எதிரா இருக்கோமா?"

"கூட்டணி வேற, கொள்கை வேற தோழர். வெளிய போயிட்டா நம்ம பேச்ச யாரு கேப்பா? உள்ள இருந்துதான் சண்டை போடணும்."

"அப்ப இவ்வளவு நேரம் ரோட்டுல நின்னு கத்துனது?"

"அது அழுத்தம்" என்று டீயை உறிஞ்சினார். தலையாட்டினேனே தவிர, ஒன்றும் விளங்கவில்லை.

ஆனால் காரியம் நடந்தது. எங்கள் தலைவர்கள் கோட்டைக்குப் போய்ப் பேசினார்களாம், அரசு சட்டத்தை நிறுத்திவிட்டது. சேதி கேட்டு பஸ்ஸிலேயே அழுதுவிட்டேன். ஜெயித்தது யார், தோற்றது யார் என்பது மட்டும் இன்றுவரை புரியவில்லை. கொண்டுவந்தவர்களும் பட்டாசு வெடித்தார்கள், எதிர்த்த நாங்களும் வெடித்தோம்.

அடுத்த வாரம், அரசுக்கு நன்றி சொல்லக் கூட்டணி சார்பில் பொதுக்கூட்டம். "நீங்கதான் கோஷம் போடணும் தோழர். இந்தத் தடவ நாக்கு தவறுனாலும் பரவால்ல" என்று செயலாளர் கிண்டலடித்தார். ஆறு மணிக் கூட்டம், அரை மணியில் விட்டுவிடுவோம் என்றார். நம்பிப் போனேன். தலைவர்கள் வந்து சேரவே ஏழரை ஆகிவிட்டது. மேடைக்குக் கீழே நின்று நன்றி, நன்றி என்று கத்தினேன். மனசு வீட்டில் கிடந்து அடித்துக்கொண்டது.

வீடு திரும்பும்போது ஒன்பது. அப்பா நனைந்த விரிப்பிலேயே கிடந்தார். லைட்டைப் போட்டதும் கோணிய வாயால் மெல்லக் கேட்டார்.

"சட்டம் வந்துடுச்சாம்மா?"