தும்பாங்கா, சேவாவா?

குணவதி அக்காளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். மரியாதை பிறகு வரும், அதுவும் வேண்டாவெறுப்பாக.

அவர் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். கல்யாணமாகிப் பினாங்குக்கு வந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய புருஷன் ஒருநாள் ரங்கூன் கப்பலேறிப் போனவன் திரும்பவில்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால், "போனவருக்கு வழி மறந்திடுச்சோ என்னமோ" என்பதோடு சரி. சுங்கை பினாங்கில் தவுக்கே எனப்படும் சீன முதலாளி ஒருவரின் பலகை வீட்டை முழுசாகக் குத்தகைக்கு எடுத்து, மாடியைத் துறைமுகத்து ஆட்களுக்குப் பாய்க் கணக்கில் விட்டுப் பிழைத்தார். வாசலில் வந்து நிற்பவரிடம் பெயர் கேட்கமாட்டார், ஊர் கேட்கமாட்டார், சாதி கேட்கவே மாட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். அந்தக் கேள்வியில்தான் நான் விழுந்தேன்.

1928ஆம் வருஷம். நான் முசிறிப் பக்கத்துக் கிராமத்தான். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள். சென்னைப் பல்கலைக்கழகத்துப் பி.ஏ. நான் வாய் திறக்காவிட்டாலும் என் டிரங்குப் பெட்டி சொல்லிவிடும், மூடியில் வெள்ளைச் சாயத்தில் எழுதி வைத்திருந்தேன். கப்பலிறங்கி மூன்று மாதம் சுங்கை பட்டாணிப் பக்கம் தோட்டப் பள்ளியில் வாத்தியார் வேலை. அங்கே நாள் முழுக்கத் தமிழ்தான்; மலாயில் ஒரு வார்த்தை கற்றுக்கொள்ளவில்லை.

அப்போதுதான் ஆயர் ஈத்தாம் சாலையிலிருந்த மிஷன் கல்லூரியின் கடிதம் வந்தது. பட்டதாரிகளுக்கான ஆசிரியர் பயிற்சியில் ஓர் இடம் காலி. புதன்கிழமை காலை ஏழரைக்கு வந்து கல்லூரியையும் முதல்வரையும் பார்க்க வேண்டும். கடைசி வரியில்தான் சிக்கல்: கல்லூரியில் விடுதி இல்லை, பினாங்கில் நிலையான விலாசம் காட்டாதவரைச் சேர்ப்பதற்கில்லை. விலாசம் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று பதில் எழுதிவிட்டுச் செவ்வாய் மத்தியானமே படகில் வந்திறங்கினேன்.

மோட்டார் வைத்திருப்பவன் தீவின் எந்த மூலையில் படுத்தாலும் காலையில் வாசலில் போய் இறங்கலாம். எனக்கு டிராம் பாதையை ஒட்டித்தான் இடம் வேண்டும், அதுவும் வாத்தியார் சம்பளத்துக்குள். செட்டியார்கள் தொழிலும் தங்கலுமாக நடத்தும் கிட்டங்கியில், "எந்த ஊரு, யாரு வீட்டுப் புள்ளை?" என்றார்கள். "பி.ஏ." என்றேன். "அது ஊர்ப் பேரு இல்லீங்களே" என்று பெட்டியை வாசலுக்கே நகர்த்திவிட்டார்கள். கடற்கரை ஓட்டலின் வாசற்காவலன் என் செருப்பைப் பார்த்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே வாடகையைச் சொன்னான். என் சம்பளத்தில் கால் பங்கு, ஓர் இரவுக்கு!

பெட்டியைத் தூக்கித் தூக்கித் தோள் கழன்ற நிலையில் நாகூர் மீரானின் சோற்றுக்கடையில் உட்கார்ந்தேன்.

"நம்ம மாடியில எலி படுக்கக்கூட எடமில்ல தம்பி. வெள்ளிக்கிழமை ஹஜ்ஜுக் கப்பல்லா, அம்புட்டும் யாத்திரைக்காரங்க" என்றார் அவர். "சுங்கை பினாங்குல குணவதியக்கா வீட்டுக்குப் போங்க. வாய் கொஞ்சம் நீளம். மனசும் நீளந்தான், ஆனா வாய் முந்திக்கும்."

நான் போனபோது அக்காள் வாசலில் குந்தி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். தங்க இடம் வேண்டும் என்றேன். நிமிரவே இல்லை.

"தும்பாங்கா, சேவாவா?"

சேவா எனக்குத் தெரிந்த சொல்தானே. சேவை, தர்மம், இல்லாதவனுக்குச் செய்வது. தும்பாங் என்பது ஏதோ அறை வகையாக இருக்க வேண்டும். கோட்டு போட்ட என்னைப் பார்த்துத் தர்மத்துக்கா என்று கேட்கிறாளே என்று சுருக்கென்றது.

"சேவாவெல்லாம் வேண்டாங்க. கௌரவமா தும்பாங்கே இருந்துட்டுப் போறேன்."

இப்போது நிமிர்ந்தார். கோட்டைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"கௌரவமாவா?"

"ஆமா. நான் பி.ஏ. படிச்சவன்."

"மாடியில சேவாவுக்கு ஒரு பாய் எடம் காலியா இருக்கு தம்பி. வேண்டாங்கறீங்க?"

"வேண்டவே வேண்டாம். யாரு தயவும் எனக்குப் பழக்கமில்ல."

மாடிச் சன்னலிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. தொங்கான் படகில் சுமை ஏற்றும் சுப்பையா. "அக்கா, படிப்பு ஏற ஏறத் தெளிவு வருதுலா!" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

"அப்ப அடுப்படிக்குப் பக்கத்துல படுங்க. காலையில தண்ணி தூக்கணும்" என்றார் அக்காள். விசித்திரமான லாட்ஜ் என்று நினைத்தேன். ஆனால் நெத்திலிக் குழம்பும் சோறும் போட்டார். வாடகையில் சாப்பாடும் சேர்த்தி போலும்.

விடிந்தும் விடியாமலும் என் கையில் ஒரு காவுத்தடியும் இரண்டு மண்ணெண்ணெய்த் தகரமும் வந்தன. தெருக்குழாயிலிருந்து பதினோரு பேர் குளிக்கத் தண்ணீர்! மூன்றாவது நடையில் சட்டை நனைந்து, தோள் எரிந்து, ஏழரை மணி கண்முன் நின்றது. தகரத்தைத் தொப்பென்று வைத்தேன்.

"காசு குடுத்துத் தங்கறவனைத் தண்ணி தூக்கச் சொல்றது எந்த ஊரு வழக்கம்?"

சவுக்காரம் பூசிய முகத்துடன் சுப்பையா கேட்டார்: "தும்பாங்குக்கு ஏது சார் காசு? தும்பாங்னா சும்மா ஒட்டிக்கிட்டு இருக்கறது. சேவான்னாத்தான் வாடகை."

குளித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒருவர் கையிலிருந்த குவளை தொட்டிக்குள் விழுந்தது. நான் சேவா வேண்டாம் என்று சொன்ன சொல்லெல்லாம் காதில் திரும்பக் கேட்டது. ஓடிப்போய் அடுப்படியில் நின்றேன்.

"அக்கா, எனக்குச் சேவாதான் வேணும். ஒரு வருஷத்துக்கு. இன்னிக்கு ஏழரைக்குக் காலேஜுல விலாசம் எழுதணும். இல்லேன்னா என் எடம் போச்சு."

"இதை நேத்தே சொல்றதுக்கென்ன? கௌரவம், தயவுன்னு கச்சேரி வச்சீங்களே! அந்த எடத்தை வெளக்கு வைக்கறதுக்குள்ள ஒருத்தரு எடுத்துக்கிட்டாரு."

"அவரை வேற எங்கயாவது..."

"பாய் விரிச்சவரைச் சுருட்டச் சொல்ற வழக்கம் இங்க இல்ல."

"அப்ப அடுப்படிக்கே வாடகை தர்றேன்."

"அடுப்படியை எவளாச்சும் சேவாவுக்கு விடுவாளா? நாளைக்கு அடுப்பும் என்னோடதுன்னு நிப்பீங்க. இங்க தும்பாங்தான். வருஷம் பூரா வேணும்னாலும் இருங்க, வீட்டு நம்பரை எழுதிக்குங்க. வேண்டாம்னா வேற வீடு பாருங்க. அங்க டிராம் போயிடப் போவுது!"

ஒரு நாள் இரவல் அடுப்படியே பெரிய அவமானம், ஒரு வருஷமா? வீட்டு நம்பரை மட்டும் பார்த்துக்கொண்டு ஈரத் தலையோடு ஓடினேன். டிராம் கிடைத்தது, ஏழு இருபத்தெட்டுக்குக் கல்லூரி வாசல்.

முதல்வர் ஐரிஷ் பாதிரியார். அவரே கூட வந்து நூலகம், சோதனைச்சாலை, மாதிரிப் பாடம் நடத்தும் வகுப்பறை எல்லாம் காட்டினார். எத்தனை நாள் கனவு கண்ட இடம்! ஆனால் என் கண்ணில் பட்டதெல்லாம் சுப்பையாவின் சவுக்கார முகம்தான்.

அலுவலகத்தில் ஒரு படிவத்தை நீட்டினார். விலாசத்தை எழுதினேன். அடுத்த கட்டத்தில், வாடகைக்காரரா, உறவினரா என்று இருந்தது. வாடகைக்காரர் என்றால் வீட்டுக்காரரின் சீட்டு இணைக்க வேண்டும். தும்பாங்குக்கு ஏது சீட்டு? அதற்கென்று ஒரு கட்டம் போடவேண்டும் என்று அச்சடித்தவனுக்குத் தோன்றவில்லையே என்று பல்லைக் கடித்தேன். கடைசியில் உறவினர் என்பதன்மேல் பேனாவை வைத்து, பக்கத்தில் 'தம்பி' என்று எழுதினேன்.

பாதிரியார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அக்காளை இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டா, விலாசம் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதினீர்?"

"அவர் என் அக்காளானது நேற்று சாயங்காலம்தான், ஃபாதர்."

"ஒரு வருஷம் வைத்துக்கொள்வாரா?"

"அவர் வைத்துக்கொள்வார். நான்தான் எப்படி இருக்கப்போகிறேன் என்று தெரியவில்லை."

அவர் சிரிக்கவில்லை. பேனாவை மையில் தோய்த்து, சேர்க்கைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டார்.