சுவருக்குப் பாடம் எடுத்த டிராயிங் சார்

பிள்ளைகளே, என் மகள் பத்தாவது படிக்கும் ஆனையூர்ப் பள்ளியில் அந்த டிராயிங் சாரைப் பார்த்தேன். ஒல்லியான ஆள். சாயம் படிந்த விரலைச் சட்டைப்பையிலேயே துடைத்துக்கொள்வார். பை முழுக்க நீலம். அது டிராயிங் பீரியடு. அவரோ வராந்தாச் சுவரில் வரைந்துகொண்டிருந்தார். வகுப்புக்குள் கணக்கு நடந்தது.

“என்ன சார், எம்மக இந்த ஒரு பீரியடுக்காக வாரம் பூராம் காத்துக் கெடக்கா. நீங்க சுவத்துக்குப் பாடம் எடுக்குறீகளாக்கும்?” என்றேன் எரிச்சலாக.

“பத்தாவதுன்னா என் பீரியடும் கணக்கு சாருக்குத்தாண்ணே. எம்புட்டோ கேட்டுப் பாத்துட்டேன். சுவத்துக்குத்தான் பரீட்சை இல்ல” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரைப் பார்த்தேன். மரத்தடியில் பிள்ளைகள் உட்கார்ந்து படம் வரைகிறார்கள். முன்னால் இருக்கும் ரெட்டைச் சடைக்காரி அப்படியே என் மகள்.

அவரைத் திட்டுவதா, கும்பிடுவதா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.