பாதை என்றால் என்ன, அம்மா?

எங்கள் ஊரில் பாதை என்றால் றோட்டு அல்ல. வாவியில் மிதக்கும் பலகைத் தளம். ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வரும். பாதையில் ஏறுவோம், பாதையைத் தவறவிடுவோம், பாதைக்காரரோடு சண்டை பிடிப்போம். வெளியூர்க்காரருக்கு இது விளங்காது என்ற நினைப்பே எங்களுக்கு வந்ததில்லை.

போர்நிறுத்தம் என்று பெயர்தான். எழுவான்கரையில், எங்கள் பக்கம், ஆமிக்காரரின் துவக்கு. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் இயக்கத்தின் துவக்கு. நடுவில் பாதை ஓடியது. அக்கரையில் என் தங்கச்சி இருந்தாள், தான் விரும்பியவனோடு போய்ச் சேர்ந்தவள். "எனக்கு இனி ஒரு பிள்ளைதான்" என்று அம்மா அன்றைக்கே சொல்லிவிட்டார். அந்த ஒரு பிள்ளை நான். என்னைக் கேட்டா சொன்னார்?

நான் களவாகப் போய்வருவேன். தங்கச்சிக்குப் பிள்ளை பிறக்கும் மாதம் வந்துவிட்டது. மாமியாரும் இல்லாத வீடு. "அம்மாவ ஒருக்காப் பாக்கணும் போல கிடக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் மீன் வெட்டுவதை நிறுத்தவில்லை. அடுத்த நாளே பாதை ஓட்டை விழுந்து வாவிக்குள் தாழ்ந்துபோனது.

அந்த நாட்களில் எங்கள் பகுதி அரச வானொலியில், கிழமைக்கு ஒரு காலை, சனங்களின் குறைகளைத் தொலைபேசியில் கேட்பார்கள். பதில் சொல்ல ஓர் அதிகாரியும் இருப்பார். குப்பை, தெருவிளக்கு, குடிதண்ணீர் என்று போகும். பாதை தாழ்ந்த பிறகு வந்த நிகழ்ச்சி நாளில் அம்மா சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"கொமினிகேசனுக்கு வா. றேடியோவுக்கு அடிக்கணும்."

"என்னத்துக்கு?"

"பாதைக்குத்தான். அக்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போற சேர்மார் பாவம்."

சேர்மார் மேல் அம்மாவுக்கு இப்படியொரு கரிசனை இருந்ததை நான் அதுவரை அறியேன்.

தொலைபேசிக் கடையில் இணைப்புக் கிடைத்தது; கடை வானொலியிலும் அதே நிகழ்ச்சிதான் போய்க்கொண்டிருந்தது. அறிவிப்பாளர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, தேன் போன்ற குரல்.

"பாதை தாண்டு போச்சு, புள்ள. ஒருத்தரும் கவனிக்கல்ல" என்றார் அம்மா.

அதிகாரி தொண்டையைச் செருமினார். "மழைக்குப் பாதைகள் தாழ்வது வழமைதான், அம்மா. கிரவல் போட்டு உயர்த்தித் தருவோம்."

கடையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கிரவலப் போட்டு வாவிய மூடப் போறீங்களா, ஐயா?"

அறிவிப்பாளர் குழம்பிப்போனாள். "பாதை எண்டால் என்னம்மா?"

"ஆக்கள ஏத்திட்டு அக்கரைக்கு மிதந்து போறது, புள்ள."

"அதை ஏனம்மா பாதை எண்டு சொல்லுறியள்?"

"மறுகா என்னெண்டு சொல்ற? அதாலதானே போற!"

அதிகாரியும் சிரித்துவிட்டார். பிறகு நல்ல மனதோடுதான் கேட்டார்: "பாலத்தால் சுற்றிப் போகலாமே, அம்மா. அக்கரையில் அப்படி என்ன அவசரம்?"

அம்மா சேர்மாரைச் சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. கடை வானொலியில் அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"என்ட மகள் இருக்கா. வயித்துல புள்ளையோட. எனக்கு அவவப் பாக்கணும், ஐயா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா என்னைப் பார்க்காமலே தொலைபேசியை வைத்தார்.

அந்தக் கிழமை பாதையும் வரவில்லை, கிரவலும் வரவில்லை. ஆனால் அக்கரை மீன்காரரும் அந்த நிகழ்ச்சியைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. மறுநாள் வெயில் ஏறும் முன்பே இரண்டு தோணிகளைப் பக்கம் பக்கமாகக் கட்டி, மேலே பலகை போட்டு, நடுவில் தங்கச்சியை இருத்தி வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவள் புருசன் குடை பிடித்திருந்தான். யாரோ ஓடிவந்து சொல்ல, நாங்கள் துறைக்கு ஓடினோம். அம்மா முழங்கால் தண்ணீர் வரை இறங்கிப் போய்த் தோணியைப் பிடித்தார்.

"மெல்ல இறங்கு" என்றார்.

தங்கச்சி அசையவில்லை. "றேடியோவுல ஊருக்கெல்லாம் சொன்னீங்க. எனக்குச் சொல்லுங்க" என்றாள்.

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இறங்கு, என்ட மகள்."

அதற்குப் பிறகுதான் அவள் கையை நீட்டினாள்.